பாட்டன் பேர்

1961 தை மாதம். மைன்ஸில் நான் கான்ட்ராக்ட் கூலி. சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊரைச் சேர்ந்தவன் என்று சர்டிபிகேட் கொண்டுவந்தால் பர்மனென்ட் ஆகலாம் என்றார்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

சர்டிபிகேட் தரவேண்டியவர் எங்கள் பழைய ஊர்க் கர்ணம். நிலமில்லாத எங்களைப் பற்றி அவரிடம் இருந்த ஒரே எழுத்து, பாட்டன் காலத்துக் குடிசைமனைக் கணக்கு.

"உன் பாட்டன் பேரச் சொல்லு. கணக்குல இருந்தா இப்பவே கையெழுத்து."

எனக்குத் தெரியவில்லை. அப்பா அய்யனார் இறந்தபோது எனக்கு நான்கு வயது.

ஊர் கலைந்து போனவர்களுக்குப் பாட்டன் பேர் கேட்டு, எண் போட்டு, தேதி குறித்து, ஒன்பது கார்டு எழுதினேன். ஏழுக்குப் பதிலில்லை. ஒன்று திரும்பி வந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து அத்தை மகன் சிங்காரவேல் மட்டும் எழுதியிருந்தான்: 'அம்மா செத்து மூணு வருசம். அதுவும் அவங்கப்பன நைனா நைனான்னுதான் சொல்லும். உனக்குத் தெரிஞ்சா எனக்கும் ஒரு கார்டு போடு.'

மிஞ்சியது அம்மா. வியாழக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாமனார் பேர நா வாயால சொல்றதா? ஏண்டா, மண்ணு வெட்ட அவரா வரப்போறாரு?"

"சொல்ல வேணாம்மா. நான் ஒவ்வொரு பேரா சொல்லிக்கினே வரேன். நீ தலைய மட்டும் ஆட்டு."

கை நின்றது.

"தெரிஞ்சா ஆட்ட மாட்டனா? பண்ண வேல செஞ்ச ஆண்ட வூட்டுல 'டேய்'ம்பாங்க. உன் ஆயா 'இந்தாய்யா'ம்பா. பேரு சொல்லி அவர யாரும் கூப்புட்டு நான் கேக்கல."

"அண்ணனுக்கு அவர் பேருதானே வச்சீங்க?" எனக்கு முன்னால் பிறந்து மூன்றாம் மாதமே போனவன் அவன்.

"வச்சாரு. கொழந்த காதுல மூணு தரம் சொன்னாரு உங்கப்பா. மாமனார் பேராச்சே, நானா கூப்புடப் போறேன்? எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல. சாமி, சாமின்னே வளத்தேன். சாமின்னே பொதச்சோம்."

மறுநாள் காலை கர்ணம் கணக்குப் புத்தகத்தையே என் முன்னால் போட்டார். "நீயே பாரு."

நாற்பத்தொரு பேர். மேலிருந்து கீழே படித்தேன். பிறகு கீழிருந்து மேலே. ஒவ்வொரு பேரிடமும் நின்று பார்த்தேன். எல்லாருமே அந்நியராக இருந்தார்கள். அதில் ஒருவர் என் பாட்டன்.

"சட்டுனு ஒண்ணக் காட்டுடா."

காட்டியிருக்கலாம். எதைத் தொட்டாலும் வேறொருவர் என் பாட்டனாகிவிடுவாரோ என்று விரல் போகவில்லை. புத்தகத்தை மூடிக் கொடுத்தேன்.

இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்புமுன் சிங்காரவேலுக்குப் பத்தாவது கார்டு எழுதினேன். எண் போட்டேன், தேதி போட்டேன். 'தெரியவில்லை' என்பதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.