மூன்றாம் வகுப்பின் ஒரே புத்தகம்

தினமும் காலையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை கழியால் மேல்சன்னலைத் தள்ளித் திறப்பாள், கரும்பலகையைத் துடைப்பாள், குடங்களை வைப்பாள், பிறகு இரட்டைச் சடைச் சிறுமியை வாசிக்கச் சொல்வாள். ஆற்றைப் பற்றி அரைப் பக்கம் வாசிப்பதற்குள் வகுப்பில் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிடும். "போதும்மா" என்றதும் சிறுமி நிறுத்துவாள். பள்ளியில் குழாய் இல்லை. குடங்கள் நிறைந்ததும் பக்கத்துப் பையன் எழுந்து கடலைப் பற்றி வாசிப்பான். தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து போய்விடும். அதற்குப் பிறகு வருகைப் பதிவு.

வகுப்புக்கு ஒரே ஒரு பாடப்புத்தகம்தான் வந்திருந்தது. பலமுறை எழுதிக் கேட்டும் வேறு வராததால் அவள் அதைப் பிளேடால் பிரித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். யாரும் மாற்றவில்லை. முதன்முதலாகத் தனக்கென்று கிடைத்த அச்சுத் தாளை எந்தப் பிள்ளை விட்டுக்கொடுக்கும்? தலைமாட்டில் வைத்துத் தூங்கினார்கள். படித்துப் படித்து, தாளில் இருந்தது வகுப்புக்கு வரத் தொடங்கியது. காற்றுப் பாடக்காரன் வாசிக்க ஆரம்பித்த பிறகு பள்ளி மின்விசிறி கேட்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டது. பக்கத்துத் தாளில் ஒரு வரி கேட்டால் மட்டும் எல்லோரும் விழித்தார்கள்.

ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருந்த அவள் கணவன் மாலைதோறும் அவளுடைய ஈரச் செருப்பைச் சுவரோரம் சாய்த்து வைப்பான்.

"நீ பாடம் எடுக்கப் போறியா, மீன் பிடிக்கப் போறியா?"

"புக்கு குடுத்தா பாடம் எடுப்பேன். அதுவரைக்கும் மீன்தான்."

கடல் பையனின் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது தாளும் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் ஆற்றை வாசிக்க விடவில்லை. மறுவாரம் மதிப்பீட்டு அதிகாரி வந்தார். பிள்ளைகள் தேறாவிட்டால் வகுப்பை மூடி, நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். யாரும் வெளியிலிருந்து விடை சொல்லாதபடி அவர் கதவை வெளியே பூட்டச் செய்தார். சாவியோடு வாட்ச்மேன் டீ குடிக்கப் போனார்.

அதிகாரி சொன்னதும் ஆற்றுச் சிறுமி எழுந்து வாசித்தாள். முழங்கால் நனைந்தது.

"சார், பாதி போதும் சார்" என்றாள் ஆசிரியை.

"பாதி வாசிச்சா பாதி மார்க்குதாம்மா."

சிறுமி திக்காமல் திணறாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டாள். தண்ணீர் மேசைக்கு மேல் ஏறியது. கடலை வாசிக்க ஆளில்லை. ஆசிரியை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தாள், தண்ணீர் அசையவில்லை. அவளுக்கு எல்லாப் பாடமும் தெரியும். ஒன்றை மட்டுமே தெரிந்தவர்களுக்குத்தான் அது வரும். மேல்சன்னலில் கம்பி இல்லை. அதற்கும் எழுதிக் கேட்டிருந்தார்கள், நல்லவேளையாக வரவில்லை. அவள் மேசைமேல் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராக மேலே தள்ளினாள். நடுவில் அதிகாரியையும் தள்ளினாள். ஆற்றுச் சிறுமி கடைசி. மேசையின் உடைந்த கால் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. கயிறு அவிழ்ந்தது.

செய்தி வந்தபோது கணவன் ஒரு ஃபேனுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தான். அதை முழுதாக முடுக்கிவிட்டுத்தான் எழுந்தான்.

சிறுமிக்கு முழு மதிப்பெண். பத்து நாளில் ஆளுக்கொரு புத்தகம் வந்தது, புது மேசையும் வந்தது. அடுத்த தேர்வில் எல்லோரும் தேறினார்கள். புது வகுப்பறையில் யார் வாசித்தாலும் தரை உலர்ந்தே இருந்தது. புத்தகம் இருந்தால் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அதிகாரி அறிக்கை அனுப்பினார். பழைய வகுப்பில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. அது கல்வித் துறையுடையதா நீர்வளத் துறையுடையதா என்று சில வருடம் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். இப்போது பள்ளி அதில்தான் குடம் நிறைக்கிறது.

அவள் போன மறுவாரம் நடந்த இரங்கல் கூட்டத்தில் அதிகாரி, "பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்" என்பதே அவளுடைய கடைசி வார்த்தை என்றார். கூட்டம் முடிந்ததும் ஆற்றுச் சிறுமி கணவனின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர் அப்படிச் சொல்லவே இல்ல அங்கிள்."

"வேற என்ன சொன்னா?"

"தாளை மடிக்காதடி, கிழிஞ்சிடும். பிரிச்சுக் காய வைன்னாங்க."