சூடு போன இடம்

கரிகாலன் ஓட்டப்பாதையில் பிரேக் மிதித்த ஞாயிற்றுக்கிழமைகளில், பாரிசின் புறநகரான ஸ்தேனில் அவன் கூட்டாளி மதுஷன் வீட்டுக் குசினியில், மூட்டாத அடுப்பின் மேல் பால் பொங்கியது. ஓட்டப்பாதை பாரிசுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே, காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மதுஷனின் மனைவி கஜனி முதலில் பயந்தாள், பிறகு கும்பிட்டாள், சித்திரை முடியுமுன் அடுப்புக்குக் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள். பால் பொங்கினால் நல்லது என்பதை யாழ்ப்பாணத்து வீடுகளில் யாரும் ஆராய்வதில்லை. மாடியில் இருந்த சனமும் பக்கத்து ஊரான பியர்ஃபித்திலிருந்து உறவினரும் வந்து பார்த்தார்கள். பொங்கிய பாலில் அரிசி போட்டுப் புக்கை செய்து ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தாள்.

பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் பொறி. சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். அதை இரு பக்கமும் கட்டைகளால் கவ்வும் பிடிக்குக் காலிப்பர் என்று பெயர். கவ்வக் கவ்வ ஓட்டம் குறையும், டிஸ்க் சூடேறும். தெருவில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். ஓட்டப்பாதையிலோ ஒரு வளைவின் சூடு ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடும். பெடலின் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் பிரேக் ஒயிலுக்குச் சூடு ஏறும், ஒயில் கொதித்துக் குமிழி விடும். ஒயிலை நசுக்க முடியாது, குமிழி நசுங்கும். ஆகவே கால் எவ்வளவு அழுத்தினாலும் பெடல் கீழே போகுமே தவிரக் கார் நிற்காது. இதற்கு மருந்து, நடுவே காற்றுப் போக வழி விட்ட தடித்த டிஸ்க்கும் அதைக் கவ்வப் பெரிய காலிப்பரும்தான்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடும் கரிகாலனும், பார்சல் வான் ஓட்டும் மதுஷனும் ஒரு பழைய சின்னக் காரைச் சேர்ந்து வாங்கி, ஓட்டப்பாதைக்கென்று உள்ளிருக்கைகளைக் கழற்றி இலேசாக்கி வைத்திருந்தார்கள். புது பிரேக் வாங்க வசதியில்லை. பியர்ஃபித்தில் கார் உடைக்கும் இடத்தில், அதே கொம்பனியின் பாரமான காரொன்றிலிருந்து தடித்த டிஸ்க்குகளையும் காலிப்பர்களையும் கழற்றி வந்தார்கள். போல்ட் துளைகள் பொருந்தவில்லை. கரிகாலன் சோடாப் பெட்டி மட்டையில் அளவு வெட்டி, அந்த அளவுக்கு உருக்குத் தகட்டை அறுத்து, கடையின் பின்முற்றத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க அரத்தால் ராவி, இரண்டையும் இணைக்கும் தாங்கிகளைச் செய்தான். சில்லு மாட்டுவது மதுஷனின் வேலை. ஒருவன் முறுக்கிய போல்ட்டில் வெள்ளைப் பெயின்ட்டால் பொட்டு வைப்பான். பொட்டைக் கண்டால் மற்றவன் திரும்பக் கழற்றிப் பார்க்கக்கூடாது. அதுதான் அவர்களுக்குள் இருந்த வழக்கம்.

அந்த வருடம் ழான்-மார்க் என்பவன் மதுஷனிடம், அந்தப் பிரேக்கோடு வந்தால் தன் ஓட்டக் குழுவில் இடமுண்டு என்று சொன்னான். மதுஷன் தடித்ததைக் கழற்றி, பழைய மெல்லிய டிஸ்க்கையும், தடித்ததன் காலிப்பர் போலத் தெரியச் சிவப்படித்த பழைய காலிப்பரையும் திரும்பப் பூட்டி, வெள்ளைப் பொட்டும் வைத்தான். கழற்றிய டிஸ்க் இரண்டையும் காலிப்பர், தாங்கிகளோடு, ழான்-மார்க்கின் கார் தயாராகும்வரை வீட்டு அடுப்பின் கீழுள்ள இரும்பு இழுப்பறையில் ஒளித்தான். இழுப்பறை பழுது, இழுக்கவேண்டாம் என்று கஜனியிடம் சொல்லியிருந்தான்.

மெல்லிய டிஸ்க் மூன்றாவது வளைவிலேயே கைவிட்டிருக்க வேண்டும். விடவில்லை. சூடு தனக்கு உரிய டிஸ்க்கைத் தேடிப் போனது. கரிகாலனின் கார் ஒழுங்காக நின்றது, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதன் டிஸ்க் தண்ணீர்க் குழாய் போலக் குளிர்ந்திருந்தது. கஜனியின் பால் பற்றிக் கடையில் சனம் கதைத்ததையும் அவன் கேட்டான். பால் பொங்கியதெல்லாம் தான் ஓடிய ஞாயிறுகளில். இரண்டையும் சேர்த்து யோசித்த அன்று பொட்டையும் மீறிச் சில்லைக் கழற்றினான். உள்ளே அவன் ராவிய தாங்கி இல்லை.

அவன் ஸ்தேனுக்குப் போனபோது இழுப்பறை வெறுமையாகக் கிடந்தது. முதல் நாள்தான் எல்லாம் ழான்-மார்க்கின் காருக்குப் போயிருந்தது. கஜனி புக்கைக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். கரிகாலன் சூட்டின் கதையைப் பொறுமையாக, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னான். மதுஷன் இழுப்பறையைக் காலால் தள்ளி மூடினான்.

"அப்ப இது சாமி இல்லையோ அண்ணை?" என்று கஜனி கேட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. என்ரை பிரேக்." பிறகு மதுஷனிடம் திரும்பினான். "உன்ரை பொட்டைப் பாத்துத்தானே மச்சான் நான் நூற்றி அறுபதிலை போனனான்."

"நீ அவ்வளவு வேகமாப் போவாய் எண்டு நான் நினைக்கேல்லை," என்றான் மதுஷன்.

கரிகாலன் கிண்ணத்தை வாங்காமல் படியிறங்கினான். காரை விட்டுவிடவில்லை. தன் குளிர்கால வேலை எங்கோ இருந்துகொண்டு தனக்காக உழைக்கிறது, உழைக்கட்டும் என்று மெல்லிய டிஸ்க்கோடேயே ஓடினான்.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள், ழான்-மார்க்கின் கார் ஓட்டப்பாதைக்கு வந்திருப்பதை அவன் ஓட்டத்தின் நடுவில்தான் கண்டான். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் அது அவனுக்கு முன்னால் போனது, மதுஷன் ஓட்டினான். முன்சில்லுகளிலிருந்து புகை. இரண்டு கார்களின் சூடும் அந்த இரண்டு டிஸ்க்குக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. பின்னாலுள்ள பிரேக் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இறங்கிப்போகும் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து மீட்கப் பார்க்கும் காலின் அடையாளம் அது. தான் இப்போது மிதித்தால் அந்த ஒயில் முழுதாகக் கொதித்துவிடும் என்று கரிகாலனுக்குத் தெரிந்தது. முன்காரின் கண்ணாடியில் மதுஷனின் கண்கள் தெரிந்தன. அவனுக்கும் தெரிந்திருந்தது.

கரிகாலன் காலை எடுத்துவிட்டு, கியரைக் குறைத்து, வளையாமல் நேரே, பாதை தவறும் கார்களை நிறுத்த வெளியே கொட்டியிருந்த சரளைக்குள் விட்டான். கார் டயர்ச் சுவரில் மோதி மூக்கு நசுங்கியது. அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. மதுஷன் வளைவை எடுத்துப் போனான்.

ரூ காயிலிருந்து பார்க்க வந்த பெடியள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். தூக்குப்படுக்கையில் கிடந்த கரிகாலன், இப்போதாவது உண்மையைச் சொல்வான் என்று மதுஷனின் வாயைப் பார்த்தான். மதுஷன் தலைக்கவசத்தைக் கழற்றினான். "மச்சான் பிரேக் மிதிக்க மறந்திட்டான்," என்றான். ழான்-மார்க்குக்காக அதையே பிரெஞ்சிலும் சொன்னான்.

லா சப்பலில் இன்று சூட்டைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ஒருவனின் சூடு அவன் உழைத்துச் செய்த பிரேக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போகும் என்று, புதிதாக வந்தவர்களுக்குக் கடை மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை நகர்த்தி நகர்த்தி விளக்குகிறார்கள். வந்தவர்களும் தலையாட்டுகிறார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, பாவம், அந்த வளைவில் ஆள் மிதிக்க மறந்துவிட்டான் என்று முடிக்கிறார்கள். கொத்துத் தட்டுக்குப் பின்னால் நிற்கும் கரிகாலனுக்கு அது கேட்கும். அடுத்த ரொட்டியை எடுத்துத் தட்டில் போடுவான்.