ராவுத்தர் வீட்டுக் கம்பிச்சட்டம்

சப்-இன்ஸ்பெக்டர் “வாங்க சார்” என்றதும் பொன்னழகுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. காரைக்குடி அச்சாபீசில் புரூப் திருத்துகிறவனை அதுவரை யார் சார் என்றார்கள்? முதலாளிக்கு அவன் “டேய் அழகு”, வீட்டில் வெறும் “இந்தாங்க”. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி உள்ளே போனான்.

கோட்டையூரில் அபூபக்கர் ராவுத்தர் வீட்டு முற்றத்தில் தெருவே கூடி நின்றது. நடுவில் ராவுத்தரின் கம்பிச்சட்டம். மார்பு உயரத்துக்கு மரத்தில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிச் செம்புக் கம்பி, கீழே திருப்புவதற்கு ஒரு கட்டை. பக்கத்தில் பாட்டரி ரேடியோப் பெட்டி. அதற்கும் பக்கத்தில், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், ராவுத்தர்.

“சார், யுத்த நேரம். ஊருக்குள்ளேருந்து யாரோ எதிரிக்கு ரகசியமா சேதி அனுப்புறாங்க, பிடிங்கன்னு மேலிடத்து உத்தரவு. இவர்கிட்ட ரேடியோ கேக்க லைசென்ஸ் இருக்கு. அனுப்புறதுக்கு இல்லை. இந்தச் சட்டத்தால சேதி அனுப்ப முடியுமா, முடியாதா? நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் நான் இங்கேயே வந்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

முடியாது என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ராவுத்தர் மத்தியானம் வீட்டில் சாப்பிடுவார். சொல்லாவிட்டால் தேவகோட்டைக் கோர்ட்டு, அப்புறம் ஜெயில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். இருந்தது.

முதலாளி நடத்திய மாதப் பத்திரிகையில் பொன்னழகு ஒரு துப்பறியும் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தான். கொலை, மாறுவேடம், சுரங்கப்பாதை எல்லாம் எழுதித் தீர்ந்து, சரக்கு இல்லாமல் திண்டாடிய நேரத்தில்தான் ராவுத்தர் வந்து வாய்த்தார். ரங்கூன் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட மனுசர். ஆளுக்கு வாய் கொஞ்சம் பெரிசு. கேட்டால் நிறுத்தமாட்டார், கேட்காவிட்டாலும் நிறுத்தமாட்டார். பொன்னழகின் காதில் ரேடியோவின் கேட்குங்குழலை மாட்டிவிட்டுச் சட்டத்தை மெள்ளத் திருப்புவார்.

“சத்தம் பெருசாக் கேக்குற பக்கத்தை நம்பாத மாப்ள. அது எங்குட்டுத் திருப்புனாலும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும். சுத்தமாச் செத்துப்போகும் பாரு, அந்த எடத்துல நிப்பாட்டு. இப்ப சட்டம் மூஞ்சியக் காட்டுற தெசையிலதான் கப்பல் நிக்கிது. முன்னாலயா பின்னாலயான்னு மட்டும் சொல்லாது. அதுக்கு இன்னொரு ஊர்ல போயி நின்டு இன்னொரு கோடு போடணும்.”

பொன்னழகு அத்தனையையும் கதைக்குள் இறக்கினான். அவனுடைய துப்பறிவாளர் கம்பிச்சட்டத்தை வைக்கோல் வண்டிக்குள் ஒளித்துக்கொண்டு திருக்கோஷ்டியூருக்குப் போனார். அங்கிருந்து ஒரு கோடு, காரைக்குடி ரயில் ஸ்டேஷனிலிருந்து ஒரு கோடு. இரண்டும் கோட்டையூரில் ஒரு வீட்டின்மேல் வெட்டிக்கொண்டன. அந்த மாதம் காப்பி கிளப்பில் பத்திரிகையை ஒருவர் சத்தம்போட்டு வாசிக்க, மற்றவர்கள் இட்லியை மறந்துவிட்டுக் கேட்டார்கள். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டவர்களிடம், “கொஞ்ச நாள் கப்பல்ல இருந்தேன்” என்று சொல்லிவைத்தான் பொன்னழகு. அவன் கப்பலைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

அதோடு விட்டானா? வில்லனுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. யோசிக்கச் சோம்பல்பட்டு ராவுத்தர் வீட்டையே எழுதினான். பச்சைக் கதவு, முற்றத்து மாதுளை, மாடிப்படி திரும்புகிற மூலை எல்லாம் அச்சு அசல். அங்கே வில்லனும் ஒரு கம்பிச்சட்டம் வைத்திருந்தான், அதில் எதிரிக்குச் சேதி அனுப்பினான். “இது காது மாப்ள, வாய் இல்ல. இதுல இங்குட்டிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வெளிய போகாது. அனுப்புறதுக்கு உண்டான எந்திரமே வேற” என்று ராவுத்தர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் வில்லன் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் கதை எப்படி நகரும்? காதுக்கு வாயை வைத்து எழுதிவிட்டான். யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

இப்போது அந்தப் பச்சைக் கதவுக்கு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தான். கூட்டத்தில் காப்பி கிளப் ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கதையில் எழுதியது புளுகு, கப்பல் புளுகு, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? ராவுத்தர் விடிந்ததிலிருந்து இன்ஸ்பெக்டரிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார். பிடிபட்டவன் சொல்வதை எந்தப் போலீஸ் கேட்டது? பொன்னழகைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்பாடா என்று ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பொன்னழகு சட்டத்தை இரண்டு தடவை சுற்றிவந்தான். கம்பியைத் தொட்டுப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

“நுணுக்கமான விசயம் சார். சாதாரண ஆளால முடியாது. தேர்ந்த கைன்னா... அனுப்பவும் கூடும்.”

கூட்டம் “ஆ” என்றது. ராவுத்தர் வாயைத் திறந்தார், பொன்னழகைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அந்தப் பெரிய வாய் அன்றைக்கென்று மூடிக்கொண்டது. சட்டத்தையும் பெட்டியையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு வண்டி போயிற்று. கூட்டம் கலைந்தும் பொன்னழகால் நகர முடியவில்லை. வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

“அண்ணே,” என்று கதவுக்குப் பின்னாலிருந்து ராவுத்தரின் மனைவி அஜீஸா கூப்பிட்டாள். அழுது முடித்த குரல். “அவுக ஒன்னுமே திங்காமப் போயிட்டாக. நீங்க போலீசுக்கு வேண்டியவுகதானே, இதைக் குடுத்துருவீகளா?” தூக்குச்சட்டி ஒன்றை வாசல்படியில் வைத்தாள்.

அவன் குனிந்து எடுத்தான். அவள் பேச்சை நிறுத்தவில்லை.

“போன மாசம் நீங்க எழுதுனத வாசிச்சுக் காமிச்சாகண்ணே. விழுந்து விழுந்து சிரிச்சாக. ‘காதை வாயின்னு எழுதிப்புட்டான் புள்ள’ன்னாக. சொல்லித் திருத்த வேண்டியதுதானேன்னு கேட்டேன். ‘வேணாம், ஊரே அவனைக் கொண்டாடுது, நாம சொன்னா கூசிப்போவான்’னுட்டாக. நீங்க இன்னைக்குச் சொன்னதும் ஏதோ காரணத்தோடதான் இருக்கும். இல்லண்ணே?”

பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்பார்களே, அதெல்லாம் பிளக்காது. நடந்துதான் போக வேண்டும். காரைக்குடி வரைக்கும் வெயிலில் நடந்தான். வண்டிக்காரன் ஒருவன் அடையாளம் கண்டு நிறுத்தி, “ஏறுங்க, கதை எழுதுறவுகதானே நீங்க?” என்றான். இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டார். பொன்னழகு உட்காரவில்லை.

“சார், அந்தச் சட்டம் அனுப்பாது. கேக்க மட்டுந்தான்.”

இன்ஸ்பெக்டர் கண்ணை அகல விரித்தார். “அடடே! அடுத்த மாசம் அப்படித் திருப்பப் போறீங்களா? அப்ப வில்லன் வேற ஆளா? சொல்லாதீங்க சார், சொல்லாதீங்க. படிச்சே தெரிஞ்சுக்கிறேன்.”

“கதை இல்ல சார். நெசம். நான் எழுதுனது பொய். நான் கப்பல்ல போனதில்ல. எல்லாம் அவரு சொல்லிக் குடுத்தது, அதையும் தப்பா எழுதிட்டேன்.”

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்தினார். இன்ஸ்பெக்டரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று.

“அப்ப காலையில அத்தனை பேர் முன்னாடி ஏன் அப்படிச் சொன்னீங்க?”

பொன்னழகு தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். அப்போது லாக்கப்புக்குள்ளிருந்து ராவுத்தரின் குரல் வந்தது.

“இன்ஸ்பெக்டரய்யா, சோறு ஆறுது. மொதல்ல அதை வாங்கிக்கிறேன். வெசாரணை பெறகு வச்சுக்குங்க.”

பொன்னழகு அவர் முகத்தைப் பார்க்காமல் கம்பிக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். தூக்குச்சட்டியின் பெருத்த வயிறு கம்பிகளுக்கு நடுவே நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தான், அப்போதும் நுழையவில்லை. கிண்ணம் போன்ற சின்ன மூடியைத் திறந்து, அதிலேயே கொஞ்சம் சோற்றை அள்ளிவைத்து உள்ளே நீட்டினான். ராவுத்தர் வாங்கித் தின்றுவிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தார்.

“நீ சாப்ட்டியா மாப்ள?”

பின்னால் இன்ஸ்பெக்டர் தன் கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார். பொன்னழகு தலை நிமிராமல் மறுபடி சோற்றை அள்ளி மூடியில் வைத்தான். பருக்கைகள் கம்பிக்கு இந்தப் பக்கம் தரையில் சிந்தின.