கோப்பியின் காது

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலா சிலாங்கூரில் செல்லன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: செல்லன், அவர் மகள் ரூபினி, புக்கிட் செந்தோசாவிலிருந்து பெண் பார்க்க வந்த புனிதவதி, அவள் மகன் தீபன், சம்பந்தத்தைக் கொண்டுவந்த செல்லனின் தங்கை அம்சவள்ளி. சமையலறைக்கு அடுத்த அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால் கோப்பி என்ற நாய்க்குட்டியும் இருந்தது. இருந்தவர்களில் அதைச் செல்லன் சேர்க்கவில்லை.

வாடை மட்டும் கதவை மதிக்கவில்லை.

"புளிச்ச மாவு வாடையா வருதேண்ணே," என்றாள் புனிதவதி.

"பக்கத்துல எண்ணெய் மில்லு. காத்து திரும்பினா அப்படித்தான்."

"நாய் கீய் வளக்கிறீங்களோன்னு நெனச்சேன்."

"நம்ம வீட்டுலயா? கிடையாது."

ரூபினி அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேநீர்த் தட்டை நீட்டினாள்.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த காலத்திலிருந்தே செல்லன் சொன்ன சொல்லை மாற்றியதில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும் இடத்திலிருந்து ரூபினி குட்டியைத் தூக்கி வந்த அன்று, நாய் வாசலைத் தாண்டக் கூடாது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னவர் அவர். இப்போது அது அவர் கட்டிலுக்கடியில் தூங்குவது மகளைத் தவிர யாருக்கும் தெரியாது. ரூபினி காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் புண்ணாகி நாறும் அதன் காதுக்கு மருந்து விடுவதும் அவர்தான். கழுவும் மருந்தை ஊற்றி, காதின் அடியை விரல்களால் பிசைவார். உள்ளே சளக் சளக்கென்று சத்தம் வரும். குட்டி கண்ணை மூடிக்கொண்டு அவர் முட்டியில் தாடையை வைக்கும். தலையை உதறியதும் பழுப்பு அழுக்கைப் பஞ்சால் துடைத்துச் சொட்டு மருந்து விடுவார். "அவ்வளவுதான்டா ராஜா, முடிஞ்சிருச்சு," என்பார். அந்தக் குரலை மண்டோர் செல்லனிடம் வேலை பார்த்த எவரும் கேட்டதில்லை.

புனிதவதி கைகழுவப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. பாதித் தேநீரோடு எழுந்துகொண்டாள்.

புதன்கிழமை அம்சவள்ளி போன் செய்தாள்.

"அண்ணே, ரூபினிக்குக் காதுல சீழாமே? கோயில்ல பேசிக்கிறாங்க. வாடையே அந்தப் புள்ளகிட்டேருந்துதானாம்."

செல்லன் கழுவுதொட்டிப் பக்கம் போனார். சொட்டு மருந்துப் புட்டி அங்கேதான் நின்றது. மிருக வைத்தியர் கிளினிக்கில் நாயைக் கொண்டுவந்தவர் பெயரைத்தான் புட்டியில் எழுதுவார்கள். கைகழுவ வந்த புனிதவதி படித்தது இதைத்தான்: ரூபினி. இரு காதிலும் ஐந்து சொட்டு.

வேலை முடிந்து வந்த மகளிடம் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்தப் பையன ஒனக்குப் புடிச்சிருக்காம்மா?"

"புடிச்சிருக்கு. ரெண்டு நாளா மெசேஜுக்குப் பதில் இல்ல."

"மருந்து நாய்க்குன்னு நீயே மெசேஜ் போடலாம்லா?"

"போட்டா நீங்க பொய் சொன்னீங்கன்னு ஆயிடுமேப்பா," என்றாள். குட்டியின் காதை மெல்லத் தூக்கி முகர்ந்தாள். "வாடை கொறஞ்சிருக்கு. நல்லாத்தான் பாக்குறீங்க."

தன் பெயர் நாறுவதைக் கேட்டும், அவர் சொல்லுக்காக இவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் சாயங்காலம், கோயிலுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குட்டியைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்துப் புக்கிட் செந்தோசாவுக்கு ஓட்டினார். கதவைத் திறந்த புனிதவதிக்குப் பின்னால் தீபனும், தைப்பூசக் கூட்டத்தைப் பற்றிப் பேச வந்திருந்த நான்கு பெண்களும் இருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"எங்க வீட்டுல நாய் இல்லன்னு சொன்னேன். பொய்," என்றார். "இதுதான். காது நாறுறது இதுக்கு."

மருந்து விடும் நேரமாகியிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து புட்டிகளை எடுத்தார். குட்டி புது இடத்தில் மிரண்டு பின்வாங்கியது. தீபன் முன்னால் வந்து குத்துக்காலிட்டு அதன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவா பிசையணுமா, அங்கிள்?"

"அடியில. சத்தம் வரும் பாரு."

சளக் சளக்கென்றது. கோப்பி தலையை உதறியதில் வெள்ளைச் சட்டை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள்.

மண்டோர் செல்லன் மகளுக்காக அந்த வீட்டு வாசலில் மண்டியிட்டுக் கெஞ்சினார் என்று பிறகு கோயிலில் ஒரு பேச்சு. கெஞ்சவில்லை. மண்டியிட்டது உண்மை, நாய்க்குட்டிக்கு இன்னொரு காது பாக்கி இருந்தது.