அப்பாவின் கையெழுத்து

அன்று காலை எங்கள் சமையலறையில் இருந்தவர்கள்: அம்மா, அண்ணன், இரவு வேலை முடிந்து வந்து சட்டைகூட மாற்றாத நான், நிவாரணத் துறை அதிகாரியம்மா, வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு போலீஸ்காரர். அப்பா இல்லை. அவர் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது.

அவர்கள் வந்ததே அதற்குத்தான்.

ஊரடங்கில் வாங்க ஆளில்லாமல் நாலாயிரம் கோழிகளைக் குழிதோண்டிப் புதைத்தோம். பண்ணைகளுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அண்ணன் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான். வந்த பணம் தீவனக்காரரிடம் போனது. விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து, தேதி பத்தொன்பது. இறப்புச் சான்றிதழில் தேதி பதினேழு.

"செத்தவர் ரெண்டு நாள் கழிச்சு எழுந்து வந்து போட்டாரா?" அதிகாரியம்மா அண்ணனைக் கேட்டார். "கொண்டு வந்தது நீங்க. உங்க மேலதான் வழக்கு."

"மேசை மேல இருந்துச்சு மேடம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே அப்பா போட்டு வச்சிருக்கார்னு நினைச்சேன்." என்றான் அண்ணன்.

அம்மா அடுப்பை அணைத்தார். "அவனை விடுங்கம்மா. பேனாவைக் குடுங்க."

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தை மூன்று முறை போட்டார். கடைசி எழுத்தின் கொக்கிவரை அதேதான். அதிகாரியம்மா கோப்பைப் பிரித்து, பண்ணை உரிமத்தையும் வங்கிக் கடன் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இத்தனையும் நீங்களா?"

"இருபத்தாறு வருஷமா. அவருக்கு எழுதப் படிக்க வராது. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்பார். பேப்பரை உள்ள கொண்டு வருவார், நான் போட்டுக் குடுப்பேன், நெஞ்ச நிமித்திக்கிட்டு எடுத்துட்டுப் போவார். இந்தப் பேப்பருக்கு மறுநாள் கடைசி நாள். எப்பவும் போலப் போட்டேன்."

"ஐயோ அம்மா, இதையெல்லாம் என் காதுல விழற மாதிரியா சொல்வீங்க?" என்றார் போலீஸ்காரர்.

எனக்கு வேறொரு தாள் நினைவுக்கு வந்தது. நாலு வருடத்துக்கு முன், கல்லூரியை விடுகிறேன் என்ற கடிதத்தை, அப்பா கையெழுத்துப் போடட்டும் என்று இதே மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொலைந்தான் என்று விட்டுவிட்டார் என நினைத்தேன்.

"என் காலேஜ் லெட்டர்?"

"அதுவும்தான்."

"அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினியா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "இல்லடா. உடைஞ்சு போயிருப்பார். நீ ராத்திரி காலேஜுக்கு மாறிட்டதாச் சொல்லி வச்சேன்."

பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு நான் வீடு திரும்பும் காலைகளில், "இன்னிக்கு என்ன பாடம்?" என்பார் அப்பா. குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"வாக்குமூலம் குடுக்கணும். கிளம்புங்க" என்றார் அதிகாரியம்மா. அவர் குரல் இறங்கியிருந்தது.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். "மூணாவது கொட்டகைல தண்ணிக் குழாய் ஒழுகுது, பாரு" என்றார் அண்ணனிடம். என்னிடம், "போய்த் தூங்கு."

போலீஸ் வேனின் பின்பக்கம் ஏறினார். போலீஸ்காரர் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.