மைக்கில் கேட்ட நைனா

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கத் திரும்பிய நேரத்தில், சுமலதாவின் கையைப் பிடித்திருந்த மூன்று வயதுப் பிள்ளையைக் காணோம். "லோகேசு! லோகேசு!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு பஸ்ஸுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள்.

மைக்கில் ஒரு குரல் கேட்டது. "ஒரு பையன் நைனா, நைனான்னு அழுதுகினு கீறான். அவனோட நைனா உடனே டைம் ஆபீசுக்கு வரணும்."

சுமலதா நகரவில்லை. அவள் பிள்ளையின் அப்பா அவன் பிறக்கும் முன்பே செத்துப்போய்விட்டார். அவன் யாரை நைனா என்று தேடுவான்?

"ஊட்ல புள்ளைய இன்னான்னு கூப்புடுவே?" என்று கேட்டாள் பூக்காரி முத்தம்மாள்.

"நைனான்னுதான்..." சொல்லும்போதே சுமலதாவுக்குப் புரிந்துவிட்டது. பெற்ற அப்பனைக் கூப்பிடும் அதே சொல்லால்தானே பிள்ளையையும் கொஞ்சினாள்! "அய்யோ, பேரு கேட்டிருப்பாங்க, நைனான்னு சொல்லியிருப்பான்!"

ஓடினாள். டைம் ஆபீஸ் வாசலில் முன்பின் தெரியாத ஒருவன், "நான்தான் இவன் நைனா" என்று சொல்லிக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"நைனா!" என்று அலறினாள்.

இருவருமே திரும்பினார்கள். பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடி வந்தான். அந்த ஆள் கூட்டத்தில் மறைந்துபோனான்.

சுமலதா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"உன் பேரு லோகேசு. எங்க, சொல்லு நைனா... லோகேசு."