மாதேஷின் சரணம்

லோகேஷின் பேண்டு பழைய சினிமாப் பாட்டுகளைத் தங்கள் பாணியில் திரும்பப் பாடி ஒரு கவர் ஆல்பம் போட்டது. சேலத்து வெயிலில் தொண்டை போய்விடும் என்று ஏற்காட்டில் வீடு பிடித்தார்கள். ஏற்காட்டுக் குளிரில் வந்த மறுநாளே லோகேஷுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்தத் துரை அதை ஒப்புக்கொள்வாரா? மெயின் பாடகர் ஆயிற்றே.

பாடகர் கேட்டுப் பழகுவதற்காக வேறொருவர் முதலில் டிராக் பாடி வைப்பது ரெக்கார்டிங்கில் வழக்கம். பாடகர் பாடியதும் அதை அழித்துவிடுவார்கள். இவர்களுக்கு டிராக் பாடியவன் பேஸ் கிட்டார் வாசிக்கும் மாதேஷ், ஏற்காட்டு மலையிலேயே இருக்கும் செம்மநத்தத்துப் பையன். கடைசிப் பாட்டின் சரணத்தில் லோகேஷின் குரல் மேலே ஏறவே மறுத்தது. மிக்ஸிங் பார்த்த சிவரஞ்சனி அந்த இடத்தில் மட்டும் மாதேஷின் குரலை விட்டுவைத்து, தொண்டை சரியானதும் வந்து பாடிக் கொடுக்கச் சொன்னாள். லோகேஷ் தலையாட்டினான். பாடித்தான் கொடுக்கவில்லை.

சரணத்தில் மாதேஷின் குரலோடே, லோகேஷ் பெயரில் ஆல்பம் வெளியானது. ஊரே அந்தச் சரணத்தைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடியது. லோகேஷும் வாயெல்லாம் பல்லாகப் பாராட்டை வாங்கிக்கொண்டான். மாதேஷ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் லோகேஷை அரித்தது.

அந்த மாதேஷே பேண்டு ஆட்களையும் சிவரஞ்சனியையும் தன் வீட்டு விருந்துக்கு வேறு கூப்பிட்டான். இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்றுதான் லோகேஷ் செம்மநத்தம் போனான். மாதேஷின் அம்மா வெள்ளையம்மாள் கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டே, பாட்டைப் போடச் சொன்னாள். சரணம் வந்ததும் கரண்டி அப்படியே நின்றது.

"ஏனுங் கண்ணு, இந்த எடத்துல பாடறது எம்பையன் தானுங்களே?"

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் சிவரஞ்சனி பார்த்துக்கொண்டிருந்தாள்; தன் குரல் ஏறாததை அவள் முன்னால் தன் வாயால் ஒப்புக்கொள்ளக் கௌரவம் விடவில்லை.

"இல்லீங்கம்மா, அது நானுங்க."

வெள்ளையம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் இலையிலிருந்து நிமிரவில்லை.

"அண்ணந்தாம்மா," என்றான்.

லோகேஷுக்கு வெட்கத்தில் காது மடல் வரை சுட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு," என்று வெள்ளையம்மாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். "பெத்தவளுக்கு எதக் கேட்டாலும் தம் பையன் கொரலாட்டந்தான் இருக்குது. நொம்ப நல்லாப் பாடறீங்க. இன்னொருக்கா போடுங்க, இப்ப உங்க கொரலுன்னு நெனச்சே கேக்கறேன்."

லோகேஷ் மறுபடியும் போட்டான். சரணம் வந்ததும் அவள் மகன் பக்கமே திரும்பாமல், லோகேஷைப் பார்த்துத் தலையசைத்துக் கேட்டாள்.